முழங்கை இருந்த துண்டு

கடிதம் வந்தபோது திங்கட்கிழமை காலை மணி பத்து. கெடு அன்று மாலை நாலரை.

ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் ராமகிருஷ்ணன் கிராணி உறையைக் கிழித்தார், படித்தார், மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தட்டச்சுப் பொறி குலுங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாவது தடவையாக அந்தப் பில்லைத் திருப்பி அனுப்பியிருந்தது.

பில், தோட்டத்தில் பால்மரம் சீவும் பஞ்சாலை என்பவளுடையது. ஆகஸ்டில், மழை ஈரத்தில், ரப்பர் பால் வாளியோடு சறுக்கி விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டவள். கோலா பிலா கிளினிக்கில் ஆபரேஷன் செய்யவில்லை. டாக்டர் ஊசி போட்டு, கையைப் பிடித்து இழுத்து, விலகிய எலும்பை உட்காரவைத்து, மாவுக்கட்டு போட்டார். ஐந்நூற்று இருபது வெள்ளி. தையல் மெஷின் வாங்கவென்று சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கை இனி முழுதாக நீளாது. பால்மரம் சீவ முடியாது. மெஷின் வந்தால்தான் அவளுக்கு இனிச் சோறு.

வில்லங்கம் ஒரு நம்பரில் தொடங்கியது. கம்பெனி அட்டவணையில் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு நம்பர். எலும்பைத் தொடாமல் வெறும் கட்டு என்றால் 211, தொண்ணூறு வெள்ளி. இழுத்துச் சேர்த்துக் கட்டினால் 212, முழுப் பணம். கிளினிக் கவுண்டரில் இருந்த பெண் 211 என்று எழுதித் தொலைத்திருந்தாள்.

கிராணி நம்பரைத் திருத்தி அனுப்பினார். டாக்டரின் கடிதம் எங்கே என்று திரும்பியது. கடிதத்தோடு அனுப்பினார், எக்ஸ்ரே எங்கே என்று திரும்பியது. பஞ்சாலை கொடுத்த எக்ஸ்ரேயை அனுப்பினார். அதற்குத்தான் இந்தப் பதில்: 'இந்தப் படம் கட்டுப் போட்டபின் எடுத்தது. எலும்பு நேராக உள்ளது. விலகியிருந்ததற்குச் சான்றில்லை. முந்தைய படம் தேவை. விபத்தின் தொண்ணூறாம் நாளுக்குள்.'

இன்று தொண்ணூறாம் நாள்.

"நேராத்தான்டா இருக்கும்! இழுத்து வச்சப்புறம் கோணலாவா இருக்கும்?" காகிதத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, ஆபீசைப் பூட்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினார்.

பஞ்சாலை வாசலில் ஒற்றைக் கையால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல எடுத்த எக்ஸ்ரே எங்க பஞ்சாலை?"

"எது, ஒடஞ்ச கை படமா? அது எதுக்கு வீட்டுல, கிராணி ஐயா? ஒடஞ்ச கண்ணாடியே வைக்கக்கூடாது, ஒடஞ்ச கைய வைப்பாங்களா? நல்லான படத்த மட்டும் வச்சிக்கிட்டேன்."

"அத என்ன பண்ணே?"

"போன மாசம் கிரகணம் வந்துச்சில்ல. சூரியனப் பாக்கணும்னு கேட்டாங்க. நாலா வெட்டிக் கொடுத்துட்டேன்."

ராமகிருஷ்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் வேறு பிரதி கிடையாது.

"டாக்டர் எலும்ப இழுத்தாருன்னு சொல்ல அந்தப் படம் ஒண்ணுதான் சாட்சி."

"நான் போட்ட கத்தல் பசார் வரைக்கும் கேட்டுச்சே. அதுக்கு நம்பர் இல்லையா?"

"இல்ல."

"நல்லா எழுதுனாங்க லா, அட்டவணை!"

வேட்டை ஆரம்பமானது. ஒரு துண்டு பஞ்சாலையிடமே இருந்தது, விரல்கள். பக்கத்து வீட்டு மயிலம்மாள் தன் துண்டைக் குசினி ஜன்னல் ஓட்டையில் ஒட்டியிருந்தாள். "மழை வந்தா நீயா வந்து நிப்பே?" என்று திட்டிக்கொண்டே பிய்த்துக் கொடுத்தாள். மேல்கை.

மீதி இரண்டையும் வாங்கிப்போனது தோட்டத்து மேஸ்திரி சன்னாசி மண்டோர். அவரைத் தேடி மலைக்காட்டில் ஏறி இறங்கியதில் மணி இரண்டரை. சன்னாசி தன் கத்தியைக் காட்டினார். உறையாக மடித்துத் தைத்திருந்தது மூன்றாவது துண்டு. ஓரத்தில் பஞ்சாலையின் பெயரும் தேதியும் தெளிவாக இருந்தன.

"இன்னொண்ணு? முழங்கை இருந்தது?"

சன்னாசி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெளையாடுறீங்களா கிராணி? ஆபீஸ் வாசல்ல நின்னு சூரியனப் பாத்துட்டு, 'நல்லா தடிமனா இருக்கே சன்னாசி, நானே வச்சிக்கிறேன்'னு வாங்குனது யாரு?"

ராமகிருஷ்ணனின் முகம் செத்துப்போனது.

வாங்கினார்தான், யாருடைய படம் என்று கேட்காமலே. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, தன் மோட்டார் சைக்கிளில், சாலை வரி கட்டியதற்கு அடையாளமாக வட்ட வளையத்தில் மாட்டும் ரோட் டாக்ஸ் வில்லைக்குப் பின்னால், மழையில் நையாமலிருக்கச் செருகினார்தான். நான்கு மூலைகளையும் குப்பையில் போட்டார்தான்.

ஆபீசுக்கு ஓடி மோட்டாரின் வளையத்தைக் கழற்றினார். படம் இருந்தது. ஆனால் மூன்று வார மழைத்தண்ணீர் இறங்கி, ரோட் டாக்ஸ் காகிதம் படத்தோடு படமாக ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினார். காகிதம் கிழியப் பார்த்தது. கையை எடுத்துவிட்டார். இன்னும் ஏழு மாதம் செல்லுபடியாகும் ரோட் டாக்ஸ்.

"நீங்கதானா?" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற பஞ்சாலை. "என் கைய மோட்டார்ல மாட்டிக்கிட்டா மூணு வாரமா சுத்துனீங்க?"

"ஏறு. செரம்பான் போவோம்."

"லயமே பேசும்."

"பேசட்டும், ஏறு!"

மணி நாலே கால். செரம்பான் கிளையில் அதிகாரி சொக்கப்பன், செலோடேப் போட்டு ஒட்டிய படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் தெரிந்தது, மேல்கை தெரிந்தது, பெயர் தெரிந்தது. நடுவில் வட்டமாக ஒரே இருட்டு.

"என்ன மிஸ்டர் ராமகிருஷ்ணன், முழங்கை இருக்கவேண்டிய எடத்துல ரோட் டாக்ஸ் இருக்கு?"

"பின்னால ஒட்டிக்கிச்சு சார். கண்ணாடி வச்சுப் பாத்தா..."

"எலும்பு தெரியணும். இல்லன்னா 211தான். மணி நாலு இருபது."

"இந்தாங்க, கையே வந்திருக்கு, பாருங்க!" பஞ்சாலை கவுண்டர்மேல் முழங்கையை வைத்தாள். அது பாதிதான் நீண்டது.

"கைய ஃபைல்ல வைக்க முடியாதும்மா."

ராமகிருஷ்ணன் ஒரு கணம் அந்த வளைந்த கையைப் பார்த்தார். பிறகு, முத்திரை ஒட்ட வைத்திருந்த தண்ணீர்ப் பஞ்சை இழுத்து ரோட் டாக்ஸ்மேல் வைத்துத் தேய்த்தார். வண்டி நம்பர் போனது. தேதி போனது. காகிதம் கூழாகி நகத்துக்குள் ஏறியது. சட்டைக் கையால் துடைத்து நீட்டினார்.

சொக்கப்பன் மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். வட்டத்துக்குள், மூட்டிலிருந்து ஒரு விரல் அகலம் விலகி நின்றது எலும்பு.

"ம்ம். இழுத்துத்தான் வச்சிருக்காங்க." பேனாவை எடுத்தார். "212. யாரு வெட்டினது, எதுக்கு வெட்டினதுன்னு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. படம் ஃபைல்லயே இருக்கும்."

'நான்தான் வெட்டினேன்' என்று ராமகிருஷ்ணன் எழுதினார். நாலு இருபத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில், புக்கிட் பூத்துஸ் மலை அடிவாரத்தில் போலீஸ் தடுப்பு. போலீஸ்காரர் காலி வளையத்துக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

"ரோட் டாக்ஸ் மானா?" எங்கே என்று மலாயில் கேட்டார்.

ராமகிருஷ்ணன் வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது? கிரகணத்திலிருந்தா, கிளினிக் பெண்ணிலிருந்தா? போலீஸ்காரர் சம்மன் புத்தகத்தைப் புரட்டி, குற்ற நம்பர்களின் வரிசையில் விரலை ஓட்டி, பேனாவைத் திறந்தார்.

பின்னாலிருந்து பஞ்சாலை எட்டிப் பார்த்தாள்.

"கிராணி ஐயா, நம்பர சரியா பாத்துப் போடச் சொல்லுங்க."