ஜீப்பில் இல்லாதவள்

ஏலக்காய் பறிப்பதில் கடினமான வேலை, ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதுதான். விடியுமுன் ராயப்பன்பட்டி முக்கில் ஜீப் வந்து நிற்கும். பத்துப் பேர் போகும் ஜீப்பில் இருபது பேர் ஏற வேண்டும். ஒருத்தி மடியில் ஒருத்தி, அவள் மடியில் தூக்குவாளி. கால் மரத்து, பக்கத்துக்காரியின் முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறினால், மலையில் அட்டை கடிப்பதே ஓய்வு மாதிரி இருக்கும்.

ராமுத்தாயின் மடி ஜக்கம்மாவுடையது. வருஷக்கணக்காக அப்படி. "ஒம் மடி மெத்தடி" என்று சொல்லி வளைவுக்கு வளைவு தூங்குவாள். ஐப்பசி மழையில் வண்டி உருண்டபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் சட்டம் தெரிந்தவர்கள். ஜீப்பில் எத்தனை பேர் போகலாமோ அத்தனை பேர்தான் போனார்கள் என்று நம்பினார்கள். செத்தவளையும் கை கால் முறிந்தவர்களையும் எழுதியதிலேயே இடம் நிரம்பிவிட்டது. ராமுத்தாய்க்கு வெறும் சிராய்ப்பு. ஆகவே காகிதப்படி அவள் அந்த ஜீப்பில் இல்லவே இல்லை.

ஆனால் அவள் மடியைவிட்டு ஜக்கம்மா இறங்கவில்லை. உட்கார்ந்தால் தொடை மரத்துப்போகும். ஹாரன் கேட்டால் வேலியோரம் ஒதுங்கிவிடுவாள். சோறு இறங்காது. தேனியில் பேச்சுக் கொடுத்தே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஏழைகளுக்குப் பாதிக் கட்டணம். அந்தப் பாதி, ராமுத்தாயின் மூன்று நாள் கூலி. ஜக்கம்மா எப்படிச் சிரிப்பாள் என்று அந்தம்மா கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ராமுத்தாய் அழுது தீர்த்தாள், அன்றைக்குத் தூங்கினாள். மூன்றாம் தடவைக்குத் தோடு போனது. நான்காம் தடவைக்குக் காதில் ஒன்றுமில்லை.

வேறு வழியில்லாமல்தான் இன்று மறுபடி ஜீப்புக்கு வந்தாள். எல்லோரும் ஏறி அடுக்கிக்கொண்டார்கள். படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏறு ஆத்தா, பறிக்காம விட்டா காய் வெடிச்சுப்போகும்" என்றார் முன்சீட்டில் இருந்த தோட்ட முதலாளி கோட்டைச்சாமி.

ஜக்கம்மாவின் தங்கை அனுசுயா உள்ளேயிருந்தபடியே, தேனி வைத்தியத்துக்குத் தோட்டம் பணம் கட்ட வேண்டும் என்றாள்.

"இதுக்கு எக்ஸ்ரே இருக்கா? பேசுறதுக்கு எதுக்குடி காசு? இங்கன இத்தன பேரு ஓசியிலதான பேசிக்கிட்டுக் கெடக்கீக."

"அப்ப நீங்களே கேளுங்க மொதலாளி, எங்கக்கா எப்பிடிச் சிரிப்பான்னு. ஓசியிலயே கேளுங்க."

கோட்டைச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கை முறிந்து கூடிய இருளம்மாள் சொன்னாள்: "எங் கைக்கு இன்சூரன்ஸ் காசு வாங்கிக் குடுத்தீக. அவ மனசு மட்டும் யாரு வண்டியில ஒடிஞ்சுச்சாம்?"

அனுசுயா இறங்கினாள். மடியில் இருந்தவர்கள் இறங்கினார்கள். பிறகு மடிகள் இறங்கின. வைத்தியச் செலவும் இன்னொரு வண்டியும் வரும்வரை காய் காட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அடுத்த ஊர்ல ஆளா இல்ல?" என்றார் கோட்டைச்சாமி. ஜீப் காலியாகப் போனது. அடுத்த ஊரில் ஆள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

தன்னால் எல்லோருக்கும் கூலி போயிற்றே என்று ராமுத்தாய் முணுமுணுத்தாள். பெண்கள் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்து, மத்தியானச் சோற்றை விடியலிலேயே திறந்தார்கள்.

"இத ஒரு நிமிசம் புடிக்கா" என்று அனுசுயா தன் தூக்குவாளியை ராமுத்தாயின் மடியில் வைத்தாள். வடித்த சூடு ஆறாத சோறு. மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த தொடை சுட்டது. ராமுத்தாய் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. மலை ஏறுகிறதா, திரும்பி வருகிறதா, தெரியவில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.