இரண்டு விரல் கனம்

வீட்டில் அப்போது இருந்தவர்கள்: உள்ளறையில், குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கிடத்தப்பட்ட லஹ்ஸன். அவர் தலைமாட்டில் ஓதிக்கொண்டிருந்த இரண்டு பேர். முற்றத்தில், கூஸ்கூஸும் ரொட்டியும் சுமந்து வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள். சுவரோரம், வெள்ளை உடுத்தி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவர் மனைவி இஜ்ஜா. கடைசியாக வாசலில் நுழைந்தவன் லஹ்ஸனின் தம்பி ஹம்மு. கையில் ஒரு மரக்கிண்ணம்.

"அண்ணன் கடைசியா கடைஞ்சது, மதினி. எந்திரத்துலயே மாட்டிக் கெடந்துச்சு. அங்க அனாதையா கெடக்க வேணாம்னு கழட்டியாந்துட்டேன்."

ஹம்மு துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிறவன். மரத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது தண்ணீரில் மிதக்கும் என்பதுதான். கிண்ணத்தை முற்றத்து நடுவில், நல்ல வெயிலில் இருந்த மேசைமேல் வைத்தான். யாரோ கொண்டுவந்த ஆரஞ்சுகளை அவன் மனைவி ஃபாத்னா அதில் அடுக்கினாள்.

"என்னா வாசனை பாரு," என்றாள் ஒருத்தி. மய்யித்துக்கு இட்ட கற்பூரத்தையும் மீறி அரார் மரத்தின் நெடி எழுந்தது. மிளகும் பிசினும் கலந்த நெடி.

"வாசனை சரி. இவ்ளோ தடியாவா விடுவாரு மச்சான்? கழுதைக்குத் தண்ணி காட்டுற தொட்டியாட்டம் இருக்கு," என்றாள் ஃபாத்னா.

இஜ்ஜா அப்போதுதான் விளிம்பைப் பார்த்தாள். இரண்டு விரல் கனம். உளி ஓடிய தடம்கூட இன்னும் தேய்க்கப்படவில்லை.

முப்பது வருடமாக அவர்களுக்குள் நடந்தது ஒரே சண்டை. மரத்தின் வேர்முண்டு ஈரமாக இருக்கும்போதே ஒரே மூச்சில் மெல்லிசாகக் கடைந்து முடித்துவிடுவார் லஹ்ஸன். விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் அவருக்கு. பாதி கோணிக்கொள்ளும். பாதி வெடிக்கும். கனமாக விட்டு, ஈரச் சீவலில் மாதக்கணக்கில் மூடிவைத்து, பதமாகக் காய்ந்தபின் மெல்லிசாக்கு என்பாள் இஜ்ஜா. கடைசல்காரர் மகள் அவள். "உங்கப்பன் அப்படித்தான் காயவச்சுக் காயவச்சுப் பட்டினியில போனான்" என்பார்.

நேற்றுக் காலையும் அதே பேச்சு. "மரத்தை மாசக்கணக்குல காயவைக்கலாம். உன் வாயை எப்படி நிறுத்துறது?"

"ஒங்க இஷ்டம். வெடிச்சா என் கண்ணுல காட்டாதீங்க."

மதியம் அவள் எதிர்ப்பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோகவில்லை. சாயங்காலம் டீக்கடைக்காரன்தான் ஓடி வந்தான், அவர் எந்திரத்தடியில் விழுந்து கிடக்கிறார் என்று.

இரண்டு விரல் கனம். சொல்லவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை. கனமாக விட்டிருக்கிறார், அவ்வளவுதான். இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு நடந்த ஒரே காரியம், இப்போது ஆரஞ்சைச் சுமந்துகொண்டு வெயிலில் கிடந்தது. கடற்காற்று வேறு.

டிக்.

வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"ஃபாத்னா, அதை நெழலுக்கு மாத்து. வெடிக்குது."

"இன்னிக்கு ஒனக்குக் கிண்ணமா கவலை?" பக்கத்தில் இருந்தவளிடம் குரலைத் தாழ்த்தினாள். "புத்தி பேதலிச்சுக் கெடக்கா. நீ கண்டுக்காத."

இஜ்ஜா ஹம்முவைப் பிடித்தாள். "பட்டறை சாவியக் குடு."

"மதினி, சந்தூக்கு வாசலுக்கு வந்தாச்சு. லுஹர் தொழுகைக்குத் தூக்கணும். அடக்கம் முடியட்டும், தரேன்."

"அதுக்குள்ள ரெண்டாப் போயிரும்."

"என்ன ரெண்டாப் போயிரும்?"

இஜ்ஜா மேசைப் பக்கம் இரண்டடி நடந்தாள், திரும்பினாள். டிக். ஓதுகிறவர்கள் குரலை உயர்த்தினார்கள். ஆண்கள் உள்ளே வந்து லஹ்ஸனைச் சந்தூக்கில் வைத்தார்கள். பெண்கள் அலறினார்கள். இஜ்ஜா அழவில்லை. ஹம்மு குனிந்து சந்தூக்குக்குத் தோள் கொடுத்தபோது அவன் பையிலிருந்து சாவிக்கயிறு வெளியே தொங்கியது. உருவிக்கொண்டாள். இரண்டு கையும் சந்தூக்கில் இருந்ததால் அவன் முறைக்க மட்டும் முடிந்தது.

சந்து முனையில் கூட்டம் மறைந்தது. பெண்கள் கபரடிக்குப் போவதில்லை.

இஜ்ஜா மேசைக்கு வந்து கிண்ணத்தை ஃபாத்னாவின் மடியில் கவிழ்த்தாள். ஆரஞ்சுகள் முற்றமெங்கும் உருண்டன. விளிம்பிலிருந்து கீழே, நகத்தளவு நீளத்தில், முடி போல ஒரு கோடு விழுந்திருந்தது. இன்னும் உள்ளே இறங்கவில்லை.

"எங்க போற? புருஷன் போயி இத்தாவுல இருக்கிறவ வாசப்படி தாண்டலாமா?"

"எதுத்த கதவுதானே."

"பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"எதையாச்சும் சொல்லட்டும். இன்னிக்கு அவங்களுக்கு வேற என்ன வேலை?"

கிண்ணத்தை அணைத்துக்கொண்டு சந்தின் மறுபக்கம் போனாள். நான்கே எட்டு. காற்று வெள்ளை அங்கியைப் பிடித்து இழுத்தது. பட்டறையைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. கடைசல் இயந்திரத்தின் கீழே நேற்றைய சீவல் முழங்கால் உயரம். ஆணியில் அவர் தொப்பி. வாளியில் தண்ணீர் இருந்தது.

பின்னாலேயே வந்து நின்றாள் ஃபாத்னா. கையில் இன்னும் ஒரு ஆரஞ்சு. "அக்கா, சொன்னாக் கேளு. உள்ள போய் என்ன செய்யப்போற?"

"ரெண்டு கை சீவல் அள்ளிப் போடணும்."

"நானும் வரவா?"

"வேணாம். காத்து வருது," என்று இஜ்ஜா கதவைச் சாத்தி, உள்ளிருந்து சாவியைத் திருப்பினாள்.