ஓதில் உப்புக் கேட்டாள்

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து மேஜையிலிருந்து கிடைத்தது. பிரான்சின் லியோன் நகரில், சோன் நதிக்கரையில், பெரிய மனிதர்கள் போகிற ஓர் உணவகம். சனிக்கிழமை மதியம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ரொட்டித் தட்டைச் சத்தமில்லாமல் நகர்த்தி, மேஜைத்துணியில் எதையோ மறைத்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பார்த்ததை மட்டும் எழுதுவதற்குப் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: சரவிளக்கின் ஒளியில் வெள்ளிக் கரண்டிகள் மின்ன, சீமாட்டிகளின்—

வேண்டாம். பட்டப்பகலில் சரவிளக்கை யார் போடுவார்கள்? அவளுக்கு ஓதில் என்று பெயர் வைத்து, அடுத்ததை எழுதினேன்: ஓதில் தன் மகனைப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

2

ஓதில் தன் மகனைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. மகன் பாஸ்தியன் அந்த உணவகத்தில்தான் சமையல்காரனாக இருந்தான். இருவருக்கும் நடுவில் இப்போது ஒரு கதவுதான்.

சண்டை பெரிய சண்டை இல்லை. ஓதில் சான்-எத்தியென் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஓட்டுநர் இருக்கையிலேயே எதையாவது அள்ளி வாயில் போட்டுக்கொண்டு பழகியவள். எந்தத் தட்டு வந்தாலும், வாயில் வைக்கும் முன்பே அதில் உப்பைத் தூவிவிடுவாள். யோசித்துச் செய்வதில்லை, கியர் போடுகிற மாதிரி, கை தானாகப் போகும். இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு பாஸ்தியன் வீட்டுக்கு வந்து, நாள் முழுக்க நின்று சமைத்தான். தட்டு வந்தது. அவள் கை உப்புக் குப்பிக்குப் போனது.

"ருசி பாத்துட்டாவது போடேன்மா."

"எதுக்குடா? எப்படியும் போடத்தானே போறேன்."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்தியன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ரயிலேறியவன், அதன்பின் அம்மாவின் போனை எடுக்கவே இல்லை.

(இதற்காகவா ஒருவன் இரண்டு வருடம் பேசாமல் இருப்பான் என்று, வரைவைப் படித்த நண்பர் கேட்டார். நானும் ஒரு வாரம் பாஸ்தியனைச் சந்தேகித்தேன். அப்பாவோடு ஒரு சொத்துத் தகராறு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அந்த நண்பர் இதுவரை யாருக்கும் ஒரு முட்டைகூடப் பொரித்துக் கொடுத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. பாஸ்தியன் அப்படியே இருக்கட்டும்.)

போன வாரம் அவனே செய்தி அனுப்பினான்: "சனிக்கிழமை மத்தியானம் வா. புறா என்னோடது." அந்த உணவகத்தின் பட்டியலில் முதன்முறையாக அவனுடைய சொந்தத் தயாரிப்பு ஒன்று ஏறியிருந்தது. அதைச் சாப்பிட அவன் கூப்பிட்டது அம்மாவை.

3

ஓதில் தன் தங்கை சொலான்ழைத் துணைக்கு அழைத்துப் போனாள். கதைக்கு இவள் தேவை. ஓதில் தனியாக இருந்தால் வாயே திறக்கமாட்டாள்.

"என்னக்கா இது, தட்டு இவ்ளோ பெருசு, சாப்பாட்டைத் தேட வேண்டியிருக்கு."

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். ஒரு வாய் காளானுக்கு அந்தப் பரிமாறுற மனுஷன் ஒரு பிரசங்கமே பண்ணிட்டுப் போறாரு. எங்க ஊரு பாதிரியாரே தேவல."

"சொலான்ழ். இன்னிக்கு ஒரு நாள் எம் மானத்தை வாங்காம இரு."

"நான் என்ன பண்ணேன்? கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன், பாரு" என்று கைகளை விரித்துக் காட்டினாள் சொலான்ழ். விரித்த கை பட்டு, நிறைய இருந்த சிவப்பு ஒயின் கோப்பை சாய்ந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணியில் சிவப்பு ஓடிப் பரவியது.

நான் பார்த்த இடம் இதுதான். ஓதில் கோப்பையை நிமிர்த்தி, ரொட்டித் தட்டைக் கறையின்மேல் நகர்த்தினாள்.

"கூப்பிட்டுச் சொல்லுக்கா, துணியை மாத்திடுவாங்க."

"நாலு பேரு வந்து நிப்பாங்க. அப்புறம் உள்ள போயி, பாஸ்தியனோட அம்மா வந்தா, வந்ததும் கொட்டிட்டான்னு சொல்லுவாங்க. இன்னிக்கு அவனோட நாளு. என்னால அவன் தலை குனியணுமா?"

"அப்போ உப்பாவது கேளு. நல்லாக் காய்றதுக்குள்ள போட்டாத்தான் கறையை இழுக்கும்."

சிவப்பு ஒயின் கொட்டினால் உப்பு. அங்கே எந்த வீட்டிலும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து ஆர்னோ என்ற பரிசாரகர் புறாத் தட்டுகளோடு வந்தார். இரண்டு வெள்ளி மூடிகளையும் ஒரே வீச்சில் திறந்தார். பிரசங்கத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஓதில் கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் உப்புக் கிடைக்குமா?"*

ஆர்னோவின் புருவம் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. "இதோ, மேடம்."

* நம் பக்கம் இலை போட்டதும் முதலில் உப்பு வைப்பார்கள். அது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அந்த மாதிரி உணவகங்களில் மேஜையில் உப்பே இருக்காது. உப்புப் பார்ப்பது சமையல்காரரின் பொறுப்பு. விருந்தாளி உப்புக் கேட்டால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. அதுவும் வாயில் வைக்கும் முன்பே கேட்டால், அதுவும் கேட்டது பெற்ற தாயாக இருந்தால்—

4

ஓதிலை விட்டு நகரக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. ஒரு நிமிடம் அதை மீறுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம்:

"நாலாம் மேஜை உப்புக் கேக்குது" என்றார் ஆர்னோ.

"எதுக்கு?"

"புறாவுக்கு."

"சாப்பிட்டுப் பாத்தாங்களா?"

"கத்தியையே தொடல."

அடுப்படியில் யாரோ சிரித்தார்கள். "யாருய்யா அது, லாரி டிரைவரா?"

"பஸ் டிரைவர்" என்றான் பாஸ்தியன். "எங்கம்மா."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

5

சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் உப்பு வந்தது. வைத்துவிட்டு ஆர்னோ அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். அவர் விலகியதும், சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. பாஸ்தியன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஓதிலுக்கு அப்போதுதான், தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது.

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

ஒன்று: பாஸ்தியன் கோபமாக வெளியே வருகிறான். ஓதில் ரொட்டித் தட்டைத் தூக்கிக் கறையைக் காட்டுகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள், சொலான்ழ் அழுகிறாள். நன்றாகவே வந்தது, அதனால்தான் கிழித்தேன். ஒரு கறையைக் காட்டித் தீர்க்கக்கூடிய சண்டை இரண்டு வருடம் தாங்காது.

இரண்டு: ஓதில் மேலங்கியை எடுத்துக்கொண்டு, வாசலை நோக்கி—

இல்லை. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவள் பாதி வழியில் இறங்கமாட்டாள்.

6

அவள் செய்தது வேறு. உப்பைத் தொடாமல் கத்தியை எடுத்தாள். புறாவின் மார்பில் ஒரு துண்டு அறுத்து, கறுத்துப் பளபளத்த சாற்றில் புரட்டி, வாயில் வைத்தாள். உப்புத் தூவாமல் அவள் எதையும் சாப்பிட்டு எத்தனையோ காலமாகிறது. வெண்ணெயாகக் கரைந்தது இறைச்சி. சாற்றின் அடியில் கொஞ்சம் கசப்பு, அதற்கும் அடியில் ஏதோ இனிப்பு. இதைச் செய்கிறவனா என் வயிற்றில் பிறந்தான் என்று இருந்தது அவளுக்கு.

"எப்படிக்கா?"

"பேசாதே."

இரண்டாவது வாயை மெதுவாக மென்றாள். அதில் தெரிந்துவிட்டது. உப்புக் குறைவு. நிஜமாகவே, ஒரு சிட்டிகை.

(உப்பு அளவாக இருந்தது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் ஓதில் ஏற்கவில்லை.)

கண்ணாடியில் முகம் அப்படியே இருந்தது. ஓதில் கிண்ணத்தில் கைவைத்து ஒரு சிட்டிகை எடுத்தாள். இடப்பக்கம் ரொட்டித் தட்டு, அதன் விளிம்பைத் தாண்டிக் கறை வெளியே வந்திருந்தது. வலப்பக்கம் புறா. கறையில் போட்டால், தன்னை அவமதிக்கக் கேட்ட உப்பு இல்லை என்று அவனுக்குப் புரியும். தட்டில் என்ன குறை என்பது மட்டும் என்றைக்கும் தெரியாமலே போகும்; நாளைக்கும் அதே குறையோடு அனுப்புவான். புறாவில் போட்டால், ருசி பார்த்து அவள் போடுகிற முதல் உப்பு அதுவாக இருக்கும். அவள் மென்றதை அவ்வளவு தூரத்திலிருந்து அவன் கவனித்தானா, இல்லை அவள் கையை மட்டும் பார்த்தானா?

எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது. அதை எழுதப்போவதில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் வந்ததே அதிகம்.

அவள் கை மேஜைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. விரலிடுக்கில் உப்பு. எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம், புறா ஆறுகிறது.