சகலைமேல் ஒரு தக்க காரணம்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை நடத்திய இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவின் கணவரை மாணவர்கள் பெரியவர் என்றார்கள், தங்கையின் கணவரைச் சின்னவர் என்றார்கள். இரண்டு கார்கள், ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம். ஏழு வருடமாக இதுதான் இரண்டு குடும்பத்துக்கும் பிழைப்பு.

ஆரம்பிக்கும்போதே ஒப்பந்தம் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் அக்கா. அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர். தன் கணவருக்கு வாய் அதிகம், தங்கை கணவருக்கு ரோஷம் அதிகம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்கு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினாள். ஒன்பதாம் பிரிவுதான் அதில் முக்கியம். தக்க காரணம் இல்லாமல் கூட்டுத் தொழிலை விட்டு விலகுபவர், ஐந்து வருடத்துக்கு அந்த ஊரில் வேறு பயிற்சிப் பள்ளி நடத்தக் கூடாது. தக்க காரணம் என்றால் மற்றவர் செய்யும் மூன்று தவறுகள் மட்டுமே: சொல்லாமல் ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமாக வருவது, பள்ளியின் காரைச் சொந்த வேலைக்கு எடுப்பது, மாணவரைத் திட்டி அழ வைப்பது. அதன் கீழே ஒரு வரியை அவள் அடிக்கோடிட்டிருந்தாள்: 'மனஸ்தாபம், கோபம், முகம் கொடுத்துப் பேசாமை ஆகியவை தக்க காரணம் ஆகா.'

சின்னவருக்கு லாரி ஓட்டச் சொல்லித்தர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. லாரி வைத்திருந்த ஒரு நண்பர் வேறு ஊருக்குக் குடிபோகும்போது, தன் பழைய லாரியையும் அது நிற்கும் மைதானத்தையும் அவருக்கே குத்தகைக்குத் தருவதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் பதில் வேண்டும் என்றார். பெரியவரிடம் சின்னவர் இதைப் பேசவில்லை. எப்போதோ ஒரு நாள் லாரிப் பேச்சை எடுத்தபோது, "நமக்கு எதுக்கு லாரியெல்லாம்" என்று அவர் ஒற்றை வரியில் முடித்துவிட்டிருந்தார். அந்த வரி சின்னவர் மனதில் முள்ளாகத் தைத்து அப்படியே நின்றுவிட்டது. இனி கேட்டு இன்னொரு முறை மூக்குடைபட அவர் தயாராக இல்லை.

அதனால் ஒப்பந்தத்தை எடுத்து, ஒன்பதாம் பிரிவு இருந்த மூன்றாம் பக்கத்தை நேராகப் புரட்டினார். பெரியவர் அந்த மூன்று தவறுகளில் ஒன்றைச் செய்தால் போதும், தான் கௌரவமாக வெளியேறிவிடலாம். மறுநாளே ஒரு குறிப்பேடு வாங்கினார்.

பெரியவர் பிடி கொடுக்கவில்லை. தாமதமாக வரத்தான் செய்தார், ஆனால் ஒவ்வொரு முறையும் சின்னவருக்கே போன் செய்து, "சகலை, எட்டு நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு எட்டாவது நிமிடம் வந்து நின்றார். கடைக்குப் போவதென்றால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். இரண்டாவது மாதம், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர் பயிற்சி முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். சின்னவர் குறிப்பேட்டோடு ஓடினார். என்ன ஆச்சு என்று கேட்டால், கம்பத்தில் இடிக்காமல் முதல் தடவையாகப் பின்னால் எடுத்துவிட்டாராம், சந்தோஷம் தாங்கவில்லையாம்.

ஒரு நாள் பின் இருக்கையில் உட்கார்ந்தே பார்த்துவிடுவது என்று சின்னவர் ஏறிக்கொண்டார். ஓட்டிய பையன் காரை நடைபாதைமேல் ஏற்றிவிட்டான். பெரியவர் அசையவில்லை.

"நல்லா ஏத்திட்டீங்க. இப்ப மெதுவா இறக்குவோம்."

சின்னவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷனை விட்டுப் போவதற்கா இவ்வளவு பாடு என்று அன்று மாலை தோன்றவும் செய்தது. ஆனால் லாரியை நினைத்ததும் மனம் மறுபடி இறுகிக்கொண்டது. குறிப்பேட்டைப் பார்த்துவிட்ட அவர் மனைவி, "கல்யாணத்துக்கு முன்னாடி என் பின்னாடிகூட நீங்க இப்படிச் சுத்தினதில்ல" என்றாள். அவர் குறிப்பேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

கெடு முடிய நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முடி வெட்டிக்கொண்டு வெளியே வந்தவர், எதிர்ப்பக்கம் பள்ளியின் கார் போவதைப் பார்த்தார். மேலே பயிற்சிப் பலகையை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய இரட்டை மெத்தை. ஜன்னல் வழியே ஒரு கையை நீட்டி மெத்தையைப் பிடித்தபடி பெரியவர் ஓட்டிக்கொண்டு போனார். சின்னவர் கைபேசியை எடுத்து மூன்று படம் பிடித்தார். நேராக வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினார். இரண்டாம் தவறு, நாள், நேரம், சாட்சியாகப் படம்.

மாலையே அக்கா வீட்டுக்குப் போனார். பெரியவர் உள்ளே புது மெத்தைமேல் படுத்திருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தாள், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"செல்லும், தம்பி. இது தக்க காரணம்தான். நானே எழுதினது, நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

பிறகு கணவரைக் கூப்பிட்டாள். பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, படத்தைப் பார்த்து, மெத்தை தன்னுடையதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டார். முதுகு வலிக்கு டாக்டர் சொல்லி வாங்கியதாம். கடைக்காரர் கொண்டுவர இரண்டு நாள் ஆகும் என்றதால் அவசரப்பட்டுவிட்டாராம். கோபம் எதுவும் இல்லை அவர் முகத்தில், குழப்பம்தான் இருந்தது.

"சரி, தப்பு என்னுதுதான். ஆனா நீ எதுக்கு சகலை போகணும்?"

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு லாரியைப் பற்றிச் சொன்னார். மைதானம், கெடு, தன் ஆசை, எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குப் பெரியவர் சொன்ன அந்த ஒற்றை வரியையும் சொன்னார்.

பெரியவர் யோசித்துப் பார்த்தார். அப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லை. "முதுகு வலிக்கிற அன்னிக்கு என்ன கேட்டாலும் எதுக்குன்னுதான் சொல்லியிருப்பேன். லாரி ஓட்ட நான் வர மாட்டேன். நீ போறதுக்கு என்ன? தாராளமா போயேன்."

அக்கா ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுத்து இரண்டாம் பிரிவில் விரல் வைத்தாள். 'இருவரும் மனமொத்துச் சம்மதித்தால், எந்தக் காரணமும் காட்டாமல் இக்கூட்டை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அப்போது எவர்க்கும் எத்தடையும் இல்லை.'

"முதல் பக்கத்தை யாருமே படிக்கிறதில்ல தம்பி. எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான்."

சின்னவருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று மாதம் திருடனைப் பின்தொடர்வதுபோல் பின்தொடர்ந்ததையும், டீச்சரின் கண்ணீருக்காக ஓடியதையும் அவரே வாய்விட்டுச் சொன்னார். பெரியவர் சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அவரைப் படுக்க வைத்தார்கள். படுத்துக்கொண்டே அந்தப் படங்களைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். காரும் மெத்தையும் சேர்ந்து பார்க்க அம்சமாக இருக்கிறதாம்.

மறுநாள் அக்கா ஒரே பக்கத்தில் முடிவுப் பத்திரம் எழுதினாள். பள்ளியும் ஒரு காரும் பெரியவருக்கு, மற்ற கார் சின்னவருக்கு. சாட்சிக் கையெழுத்தைத் தங்கை போட்டாள். புதன்கிழமை சின்னவர் மைதானத்துச் சாவியை வாங்கினார். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது வாரம், ஒரு காய்கறி வியாபாரியும் அவர் மகளும் வந்தார்கள், பெரியவர் அனுப்பியதாகச் சொன்னார்கள். மகள்தான் கற்றுக்கொள்ளப் போகிறவள். சின்னவர் லாரிக் கதவைத் திறந்து, ஏறுவதற்குக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று காட்டினார்.