முரசின் பின்பக்கம்

காலையில் ஒத்திகைக்குப் போனபோது கலையரங்கத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் உமினெகோ முரசுக் குழுவின் முப்பத்தைந்து வருடப் படங்கள். ஒன்றில்கூட நான் இல்லை.

இருக்கவும் முடியாது. எங்கள் பெரிய முரசுக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்பக்கம் மசுயே அக்கா. அரங்குக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, ஊரே வாயைப் பிளக்கும்படி அடிப்பார். பின்பக்கம் ஒருத்தி அடித்தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொன்தொகோ, தொன்தொகோ, தொன்தொகோ. அது நான், ஃபுசாயே. முரசு என்னைவிட உயரம். கீழே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு முரசுத் தாங்கியின் கால்களுக்கு நடுவே என் வெள்ளைக் காலுறை மட்டும் தெரியும். படம் எடுத்தவர்கள் அதையும் பாதியில் வெட்டியிருந்தார்கள்.

அதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். குழுவிலேயே சின்னவளான சிசுரு, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அக்கா, கடைசி வரிய படிங்க.”

படித்தேன். மலர்க்கொத்து வழங்கல். அதற்குக் கீழே, நிறைவுக் கைதட்டு: விழாக் குழுத் தலைவர் இவாபுச்சி. அதற்கும் கீழே பொடி எழுத்தில், அடுத்த மாதம் முதல் முரசுகளை நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

“அருங்காட்சியகமா? அங்க பழைய வலையும் துருப்பிடிச்ச அடுப்பும்தானே இருக்கு?”

“இனிமே நம்ம முரசும் இருக்கும். நம்மளையும் பக்கத்துல நிக்க வச்சாலும் வைப்பாங்க.”

எங்கள் ஊரில் கைதட்டு என்றால் விளையாட்டில்லை. கூட்டமோ, கல்யாண விருந்தோ, வியாபாரமோ, எதுவானாலும் பெரியவர் ஒருவர் எழுந்து “இயோ!” என்று குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டுவோம். அத்தோடு முடிந்தது. அதன்பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என் கணவர் படகை விற்றபோது அப்படித்தான் தட்டினார். மறுநாள் விடியும்போதே மனம் மாறிப்போய் துறைமுகத்துக்கு ஓடினார். தட்டியது தட்டியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படகு கரைக்கு வந்தால் மனுஷன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆக இது ஆண்டு விழா இல்லை. எங்களை மூடி முத்திரை வைக்கும் விழா. எங்களைக் கேட்காமல் இதை யார் முடிவு செய்தது என்று இரைந்துகொண்டே உடை மாற்றும் அறைக்குப் போனேன். மசுயே அக்கா தனியாக உட்கார்ந்து, வலது தோளில் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, இது உங்க வேலையா?”

“ஆமாடி.”

“யாரைக் கேட்டு செஞ்சீங்க?”

“கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

கோடைத் திருவிழாவில் நடந்ததைச் சொன்னார். எனக்குத் தெரியாததா? பாதி ஆட்டத்தில் அவர் கையிலிருந்து கோல் நழுவி, உருண்டு, கூட்டத்துக்குள் போய் விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

“விழுந்தா விழுந்துட்டுப் போகுது. நான் தாளத்த நிறுத்தினேனா?”

“நீ நிறுத்தல. கோல் விழுந்ததும் எனக்குப் பெருசில்லடி. அப்புறம் கைதட்டினாங்க பாரு. பாவம், வயசாயிடுச்சுன்னு தட்டினாங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல என்னைத் திட்டியிருக்காங்க, கல்லு விட்டிருக்காங்க. பாவம்னு ஒருத்தனும் தட்டினதில்ல.” பட்டையை அழுத்தி ஒட்டினார். “அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேக்க என்னால முடியாது. அதுக்கு முன்னாடி மரியாதையா நாமளே முடிச்சுக்கலாம்.”

“உங்களால முடியலன்னா வேற ஆள் முன்னாடி நிக்கட்டும்.”

“யாரு?”

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

“யாருன்னு சொல்லேன். சிசுருவுக்கு முழங்கால் போச்சு. மத்தவங்களுக்குச் சின்ன முரசுதான் தெரியும். உன்னை எத்தனை தடவ கூப்பிட்டிருப்பேன்? ‘எனக்குப் பின்னாடியே நல்லாயிருக்கு’ன்னு சொல்லிச் சொல்லியே முப்பத்தஞ்சு வருஷத்த ஓட்டிட்ட. அவ்வளவு பெரிய முரசு உனக்கு ஒளிஞ்சுக்கத்தான் லாயக்கு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு அரங்கம் நிறைந்தது. மீன் சந்தைக்காரர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் சின்ன முரசுகளில் மூன்று பாட்டு அடித்தோம். நன்றாகவே அடித்தோம். பெரிய முரசு பின்னால், விசேஷத்துக்குக் கட்டும் சிவப்பு வெள்ளைத் துணி கட்டிச் சும்மா நின்றது. “இன்னைக்கு அது வேண்டாம்” என்று மசுயே அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். துணி கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் சாவு வீட்டுக்கு அலங்காரம் செய்தது போலத்தான் எனக்குப் பட்டது.

பிறகு எங்கள் எட்டுப் பேரையும் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்தார்கள். மடியில் பூச்செண்டு. திரையில் படம். இவாபுச்சி மைக்கைப் பிடித்தார்.

“நம்ம ஊருக்கு இத்தனை வருஷம் உழைச்ச இந்த அம்மாமார்…”

சிசுரு என் காதில் சொன்னாள்: “எனக்கு ஐம்பத்தேழு. அவருக்கு அறுபத்திரண்டு. இவரை நான் எப்போ பெத்தேன்?”

ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பழசைப் பேச வேண்டும். யாயேகோ தொடங்கினாள். நாங்கள் எல்லோரும் கணவாய் மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் வேலை பார்த்த காலம். தேர்த் திருவிழா முரசைப் பெண்கள் தொடக்கூடாது என்று ஆண்கள் சொன்னார்கள். அப்படியானால் எங்களுக்கு நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றோம். முரசுக்கு எங்கே போவது? பழைய லாரி டயர்களில் ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றி, இரண்டு வருடம் அதையே அடித்தோம். மீனைக் கண்ட உமினெகோ பறவை மாதிரி கத்துகிறார்கள் என்று துறைமுகத்தில் கேலி செய்தார்கள். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம். மலைமேல் ஒரு கோயிலை மூடியபோது, அங்கே கிடந்த பெரிய முரசை ஐஸ் லாரியில் ஏற்றி வந்தோம். முதல் வருடம் இந்த அரங்கத்தைக் கொடுக்கவில்லை. மழையில் அலைத்தடுப்பின் மேல் நின்று அடித்தோம்.

யாயேகோ அழுதாள். கூட்டத்திலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கல்லெறிந்த கையெல்லாம் இன்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் முறை வந்தது.

“ஃபுசாயே அம்மா, நீங்களும் ஏதாவது நினைவ…”

“நினைவு வேணும்னா நான் எங்கயாவது போயிருக்கணும். நான் இங்கதானே இருக்கேன்? அடுத்த ஆள கேளுங்க.”

முன்வரிசையில் சிரித்தார்கள். மசுயே அக்கா சிரிக்கவில்லை. அவர் முறை வந்தபோது எழுந்து குனிந்து வணங்கி, “ரொம்ப நன்றி” என்றார். அவ்வளவுதான். உட்காரும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார்.

இவாபுச்சி எல்லோரையும் எழச் சொன்னார். “உமினெகோ அம்மாமார் ஒரு அடி முன்னால வாங்க.”

ஏழு பேர் முன்னால் போனார்கள். நான் பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். யாரும் கவனிக்கவில்லை. முரசுக்குப் பின்னால் போகிறவளை இந்த ஊரில் யாரும் கவனித்ததில்லை. என் கோல்கள் எப்போதும் போல இடுப்புக் கச்சையில் செருகியிருந்தன.

“எல்லாரும் உங்க கைய கொஞ்சம் கடன் கொடுங்க” என்றார் இவாபுச்சி. நானூறு ஜோடிக் கைகள் விரிந்த சத்தம் பின்னால் எனக்குக் கேட்டது.

“இயோ!”

குரலுக்கும் கைதட்டுக்கும் நடுவே ஒரு மூச்சு அளவு இடம் உண்டு. அந்த இடம் எவ்வளவு நீளம் என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

தொன்!

கைகள் அப்படியே நின்றன. எங்கோ இரண்டு மூன்று தட்டு மட்டும் உதிரியாக விழுந்தது. இவாபுச்சி சிரித்துச் சமாளித்தார்.

“முரசும் நம்மகூடச் சேர்ந்து தட்டுது போல. சரி, மறுபடியும். இயோ!”

தொன்!

மீன் சந்தைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். இவாபுச்சி மைக்கோடு முரசைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

“என்னங்க இது? நிரல்ல போட்டிருக்குல்ல?”

“எட்டு பேர்ல ஒருத்தி சம்மதிக்கலன்னா எப்படித் தட்டுவீங்க? நான் சம்மதிக்கல.”

“உங்க தலைவியே சொல்லிட்டாங்களே!”

“தலைவி முன்பக்கத்துக்குச் சொன்னாங்க. பின்பக்கம் என்னோடது.”

இது ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. இனி பேசிப் பயனில்லை என்று அடித்தாளத்தைத் தொடங்கினேன். தொன்தொகோ, தொன்தொகோ, தொன்தொகோ.

முன்பக்கம் காலி. அடித்தாளம் மட்டும் தனியாகப் போனால் அது பாட்டாகாது. வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற மாதிரிதான். யாரும் வரவில்லை என்றால் நான் எவ்வளவு நேரம் கூப்பிடுவது? எனக்குப் பயம் வந்தது. என் கை ஓய்ந்துபோய், பாவம் என்று எல்லோரும் எனக்கும் தட்டினால், அதற்குமேல் அருங்காட்சியகம்தான், அடுப்புக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் தாங்கியின் கால்களுக்கு நடுவே இரண்டு பாதங்களைப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் நீல நூல் தையல் போட்ட காலுறை. மசுயே அக்காவுக்கு அந்தத் தையலை நான்தான் போட்டேன். பாதங்கள் முரசுக்கு முன்னால் வந்து நின்றன. அடி விழவில்லை. எட்டுச் சுற்று போட்டேன். பதினாறு போட்டேன். பாதங்கள் திரும்பின. போய்விட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் தாளத்தை விடவில்லை.

இடுப்பில் ஓர் இடி விழுந்தது.

“நகருடி.”

மசுயே அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பூச்செண்டு இல்லை. இரண்டு கையிலும் கோல்.

“அக்கா…”

“இந்தப் பக்கம் கைய மார்புக்கு மேல தூக்க வேண்டாம். என் தோளுக்கு இது போதும். இத்தனை வருஷம் உன்னைப் பார்க்காம நின்னதால எனக்கு இது தோணவே இல்ல பாரு.” சொல்லிக்கொண்டே என் தாளத்துக்குள் நுழைந்துவிட்டார். “போ முன்னாடி.”

“எனக்கு வராது.”

“வராதவதான் ஊரு கைய அந்தரத்துல நிறுத்தி வச்சிருக்கியா? சீக்கிரம் போ, தாளம் தப்புது.”

“என் தாளம் தப்பல!”

“அப்போ போடி!”

போனேன். முன்பக்கத்துத் தோல் வெளிச்சத்தில் அவ்வளவு அகலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடுவில் அக்கா அடித்து அடித்துத் தேய்ந்த கறுப்பு வட்டம். என் உயரத்துக்கு அது எட்டவில்லை. அதற்கு ஒரு சாண் கீழே, யாரும் அடிக்காத வெள்ளைத் தோலில், இரண்டு கையையும் தூக்கி இறக்கினேன். முரசுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கத்தினார், பழைய நாள் மாதிரி, மீனைக் கண்ட பறவை மாதிரி. சிசுரு கத்தினாள். யாயேகோ பூச்செண்டை வீசிவிட்டுச் சின்ன முரசுக்கு ஓடியது கடைக்கண்ணில் தெரிந்தது.

மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. என் முதுகு. கச்சை அவிழ்ந்து பாதி தொங்குகிறது. கீழே தாங்கியின் கால்களுக்கு நடுவே, நீலத் தையல் போட்ட காலுறை, இந்தத் தடவை வெட்டாமல் முழுசாக. என் கணவர் அதைக் கத்தரித்துச் சமையலறையில் ஒட்டியிருக்கிறார்.

முரசை ஏற்றிப்போக அருங்காட்சியகத்திலிருந்து யாரும் வரவில்லை. கைதட்டு முடியாமல் எதையும் தொட முடியாதாம். இவாபுச்சி மீன் சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு, “அம்மா, அந்தக் கைதட்டு பாக்கி இருக்கே, எப்போ வச்சுக்கலாம்?” என்று கேட்கிறார்.

“குளிர் ஆரம்பிச்சாச்சு” என்கிறேன். “உங்க கைய பாக்கெட்டுலயே வச்சுக்கோங்க.”