தோள் மட்டம்

நாற்பத்தொன்றாவது தண்டாலில் வேதாந்தத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடற்கரை மணலில் குப்புறக் கிடந்தபடி, எழுந்திருக்க முடியுமா என்று யோசித்தார். வயது நாற்பத்தேழு. இருபத்துநான்கு வருஷமாகப் பெருமாளைத் தோளில் சுமக்கிற ஸ்ரீபாதந்தாங்கி. போன வருஷக் கருடசேவையில் மூச்சு வாங்கி, முழங்கால் மடங்கி, பெருமாளே ஒரு சாண் சாய்ந்துவிட்டார். "அடுத்த உற்சவத்துலயும் இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன் ஓய்" என்று கோயில் மணியக்காரர் ஜானகிராமன் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். வாகனத்தின் முன்தண்டைச் சுமக்கும் அந்த இடம் போனால் வேதாந்தத்துக்கு ஊரில் வேறு பேர் கிடையாது. சமையல் வராது, சொல்லிக்கொள்ளும்படி வேதமும் வராது. ஆகவே இருபது வயதில் செய்ததையெல்லாம் ஒரே வாரத்தில் திரும்பச் செய்யப் பார்த்தார்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த கண்ணாயிரம்தான் ஓடிவந்து தூக்கிவிட்டான்.

"இன்னா சாமி, யாரோட குஸ்தி? உங்க வயசுதான் எனக்கும். ஒரே நாள்ல கடலை இழுத்துக் கரையில போடணும்னு நெனச்சா முதுகு தாங்குமா? தெனைக்கும் கொஞ்சம் இழுக்கறேன், அதான் இன்னும் இழுத்துகினு கீறேன்."

செங்கல்பட்டு டாக்டரும் அதையேதான் சொன்னார். என்ன, கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார். மனைவி சௌந்தரவல்லி மூன்று வாரம் தைலம் தேய்த்தாள். "பயில்வான் இன்னிக்கு எழுந்துண்டாச்சா?" என்று காலையில் கேட்பதை மட்டும் விடவில்லை.

அப்புறம் அவர் அவசரப்படவில்லை. விடியலில் பத்துத் தண்டால். ஈர மணலில் ஒரு மைல் நடை. தோளில் சின்னதாக ஒரு மணல் மூட்டை. வாரத்துக்கு ஒரு பிடி மணல் கூடும். ராத்திரி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்வது நின்றது. பத்து மாதத்தில் வேஷ்டியை ஒரு சுற்று இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது.

ராமானுஜத்திடம் மட்டும் மூச்சு விடவில்லை. முன்தண்டின் வலதுபக்கம் ராமானுஜம், இடதுபக்கம் வேதாந்தம். ஒரே வயது, ஒரே உயரம். தோள் மட்டம் பார்த்துச் சேர்த்த ஜோடி. ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் வெட்கம் என்றிருப்பார். நிஜம் அவ்வளவு அழகாக இல்லை. மணியக்காரரின் கண் இருவரில் ஒருவர்மேல் விழத்தான் போகிறது, அது தன்மேல் விழ வேண்டாம் என்று நினைத்தார்.

கருடசேவையன்று காலை வாகனம் எழும்பியபோது அவருக்கே ஆச்சரியம். மூச்சு சீராக இருந்தது. முதல் வீதி ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது வீதியில் தோளில் பாரம் இன்னும் குறைந்தது. அடேயப்பா என்று ஒரு கணம் பூரித்துப்போனார். பிறகுதான் உறைத்தது. பாரம் வலதுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

ராமானுஜத்தின் தோள் தழைந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"மாத்திக்கறியாடா?"

"சும்மா நட. மணியக்காரர் பாக்கறார்" என்றார் ராமானுஜம், பல்லைக் கடித்துக்கொண்டு.

பத்து மாதம் பக்கத்தில் நின்றும் இவனைப் பார்க்கவே இல்லையே என்று வேதாந்தத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மெதுவாக, வெளியே தெரியாமல், தன் தோள் அவன் தோளுக்கு மட்டமாகும்படி முழங்காலை இரண்டு விரற்கடை மடக்கினார். போன பாரம் திரும்பி வந்து தோளில் உட்கார்ந்தது. தொடை நெருப்பாய் எரிந்தது. பெருமாள் நிமிர்ந்தார். ராமானுஜத்துக்கு மூச்சு வந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஜானகிராமன் திரும்பினார். வேதாந்தத்தின் காலைப் பார்த்தார், கிட்டே வந்தார்.

"ராமானுஜத்தைப் பாரும், தூண் மாதிரி வரார். நீர் மறுபடியும் மடங்கறீரே ஓய். உற்சவம் முடியட்டும், பேசிக்கலாம்."

ராமானுஜம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதடா, மூச்சு போயிடும்" என்றார் வேதாந்தம்.

நிமிர்வது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. நிமிர்ந்தால் தழைந்தது யார் தோள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மேளம் உரத்தது, மூன்றாவது வீதி ஆரம்பித்தது. காலை வெயிலில் வாகனத்தின் நிழல் கோணாமல் தரையில் நகர்ந்தது. அதன் கீழே இரண்டு முழங்கால்கள் மட்டும் மடங்கியபடியே போய்க்கொண்டிருந்தன.