குறுக்குக் கோடு போட்ட ஏழு

காருக்கு அடியில் மல்லாந்து படுத்த பிறகுதான், எட்டு வருஷமாக வைத்திருக்கும் வண்டியின் அடிவயிற்றை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது உறைத்தது. எங்கும் புழுதியும் காய்ந்த சேறும். நடுவில் ஒன்று மட்டும், மற்றவர்கள் அழுக்கோடு இருக்கும்போது தான் மட்டும் குளித்துவிட்டு வந்ததைப் போல, நீலமாகத் தெரிந்தது. ஆயில் ஃபில்டர். அதன் பக்கவாட்டில் வெள்ளை மார்க்கரில் இரண்டு வரி எழுதியிருந்தது. மேலே 12-3, 47710. கீழே 12-9. போன தடவை ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், அடுத்து மாற்ற வேண்டிய தேதியும்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். போன மாதம் கார் பராமரிப்புக் கையேடு ஒன்று திருத்த வந்தது. வீட்டிலேயே ஆயில் மாற்றுவது பற்றிய அத்தியாயத்தை மூன்றாவது தடவை படித்தபோது, 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றிவிட்டது. ஒரு கேன் ஆயிலும் ஒரு ஃபில்டரும் வாங்கினேன். முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் இரும்புச் சாய்வுகளைப் பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரரிடம் இரவல் கேட்டேன். "இந்தத் தடவ நீங்களா?" என்றார். கேட்ட வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாய்வுகளில் இல்லாத தூசியைத் தட்டத் தொடங்கினார்.

வண்டியை ஓட்டுவது என் மனைவி. லேபில் வேலை, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். நான் பஸ்ஸில் போகிறவன். சர்வீஸுக்கு எங்கேயோ விடுகிறாள் என்று நினைத்திருந்தேனே தவிர, எங்கே என்று கேட்டதில்லை. ஆனால் எழுத்தைக் கண்டால் எழுதிய கையைத் தேடுவது என் தொழில் வியாதி. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. இந்த ஏழை எனக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஆயிலை வடிக்கும் நட்டைத் தொடாமலே வெளியே வந்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மனைவியின் சாமான் பட்டியலைப் பார்த்தேன். அவளுடைய ஏழு வெறும் ஏழு. குழாய்க்காரர் எழுதிவிட்டுப் போன போன் நம்பர், பால்காரர் அட்டை, எதிலும் இல்லை. கடைசியில் கூடத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் '7 - சமையலறை' என்று எழுதியிருந்தது. இடுப்பில் கோடு.

மச்சான். மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். இந்த வீட்டின் வயரிங் முழுவதையும் லீவு நாட்களில் வந்து தனியாளாகச் செய்து கொடுத்தவர். குடிவந்த முதல் நாள், சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் விளக்குகள் மொத்தமாக அணைந்தன. இருட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஓசில செஞ்ச வேல ஓசி மாதிரிதானே இருக்கும்." யாரோ சிரித்தார்கள். அவர் வெளிச்சம் வரும்வரை வேலை பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனவர்தான். இரண்டு வருஷம் ஆகிறது.

இன்று செப்டம்பர் ஒன்பது. ஃபில்டரில் இருந்த பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று நாள். சாய்வுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாப்பிடும்போது மனைவி, "கையில என்ன கறை?" என்றாள். "மை" என்றேன். பன்னிரண்டாம் தேதி வேலைக்கு லேப் வேனிலேயே போகப் போவதாக அவளாகச் சொன்னாள். "ஏன்?" என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி வழக்கம்போல் சாப்பாட்டுப் பையோடு கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை போய், தெருவைச் சுற்றிக்கொண்டு திருடனைப் போல என் வீட்டுக்கே வந்தேன். கார் சாய்வுகள்மேல் மூக்கைத் தூக்கி நின்றது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மச்சான்" என்றேன்.

கால்கள் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். காருக்கு அடியில படுக்க மாட்டேன்னு சொல்லல."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"தங்கச்சி ஓட்டுற வண்டி. நடு ரோட்டுல நின்னா நீங்களா வந்து தள்ளுவீங்க?"

பையைக் கீழே வைத்தேன். ஓடிப்போய் நான் வாங்கிய ஃபில்டரைக் கொண்டுவந்து நீட்டினேன். ஒரு கை வெளியே வந்து வாங்கியது. உடனே திரும்பி வந்தது.

"இது வேற என்ஜினுக்கு, மாப்ள."

மாப்ள என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் படுத்து, அவர் பக்கத்தில் நகர்ந்து போனேன். அங்கே இரண்டு பேருக்கு இடமில்லை. தோளோடு தோள் இடித்தது. அவர் காதோரம் நரைத்திருந்தது. முன்பு இல்லை.

"தள்ளிக்குங்க. சூடா இருக்கும்."

நட்டைக் கடைசிச் சுற்றில் விரலால் அழுத்திப் பிடித்து, சட்டென்று விலக்கினார். கருப்பு ஆயில் வளைந்து பாத்திரத்தில் விழுந்தது. இத்தனை கருப்பாக இருக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஃபியூஸ் இப்பவும் போகுதா?" என்றார்.

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூடப் போகல. அன்னிக்குப் போனது நான் வாங்கிட்டு வந்த ஹீட்டரால. அடுத்த வாரமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதா?"

"ம்."

"சொல்லல."

"சொல்லல, மச்சான்."

அவர் துணியை எடுத்து நட்டைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்து, "தொலைச்சுடாதீங்க" என்றார். வெதுவெதுப்பாக இருந்தது.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. வேன் இவ்வளவு சீக்கிரம் வராது என்று நினைத்திருந்தேன். காருக்கும் தரைக்கும் இடையிலிருந்த இடைவெளியில் மனைவியின் செருப்புகள் தெரிந்தன. இரண்டடி வந்தன. நின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருந்த எங்கள் நான்கு கால்களையும் அவள் எண்ணியிருக்க வேண்டும். மச்சான் என்னைப் பார்த்தார்; நான் அவரைப் பார்த்தேன். ஆயில் கம்பியாய் மெலிந்து, நூலாகி, சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் பாத்திரத்தின் கருப்பில் ஒரு வளையம் விரிந்து விளிம்பைத் தொட்டது. செருப்புகள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தன.